மலகுசியா: கிரேக்கத்தின் மணமிக்க வெள்ளை ஒயின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க வெள்ளை ஒயின் என்று பேச்செடுத்தால் பலருக்கும் சாண்டோரினித் தீவின் அசிர்டிகோதான் நினைவுக்கு வரும். அதைத் தாண்டி வேறு என்ன குடித்துப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் பெயர் மலகுசியா. சொன்ன கையோடு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

மலகுசியான்னா என்ன? ஊர் பேரா, கம்பெனி பேரா?

இரண்டும் இல்லை. அது ஒரு திராட்சை ரகத்தின் பெயர். அந்த ரகத்தில் செய்த ஒயினையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். கிரேக்கத்தின் வட பகுதியிலும் நடுப் பகுதியிலும் பல தோட்டங்கள் இதை வளர்க்கின்றன. அதனால் கடையில் "மலகுசியா" என்று மட்டும் கேட்டால் போதாது, யார் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏன் என்பது கீழே, ஒரு பாட்டில் மணந்து இன்னொன்று மணக்காமல் போவது பற்றிய கேள்வியில் வரும்.

இந்தப் பேரை எப்படி உச்சரிக்கிறது?

ம-ல-கு-ஸ்யா. அழுத்தம் கடைசி அசையில். "அகம்" என்று சொல்லும்போது நடுவில் மெலிந்து ஒலிக்கும் "க" இருக்கிறதே, கிரேக்கர்களின் "கு"வும் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும். அந்த வகையில் தமிழ் நாக்குக்கு இது எளிது. "ஸ்யா"வில் வரும் "ஸ்" மட்டும் ஆங்கில இசட் போல அதிர வேண்டும். ஆங்கில எழுத்தில் சில லேபிள்களில் எஸ், சிலவற்றில் இசட் போட்டிருக்கும். இரண்டும் ஒரே ரகம்தான்.

கிரேக்க ஒயின்னா பைன் பிசின் வாசம் அடிக்குமே, இதிலும் வருமா?

வராது. நீங்கள் சொல்வது ரெட்சினா. நொதிக்கும் திராட்சைச் சாற்றில் அலெப்போ பைன் மரத்தின் பிசினைச் சேர்த்துச் செய்யும் பழைய பாணி அது. பெரும்பாலும் அட்டிகா பகுதியில், சவாத்தியானோ என்ற வேறொரு ரகத்தில் செய்வார்கள். மலகுசியாவில் பிசின் எதுவும் சேர்ப்பதில்லை. அதில் வரும் மணம் முழுக்கத் திராட்சையுடையது.

எப்படி இருக்கும்? இனிக்குமா?

நிறம் வெளிறிய மஞ்சள், ஓரத்தில் லேசான பச்சை. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் பழுத்த பீச், முலாம்பழம், எலுமிச்சைத் தோல், மல்லிகை போன்ற வெள்ளைப் பூக்கள். அதற்குப் பின்னால் ஒரு பச்சிலை வாசம் எழும். மலகுசியாவை அடையாளம் காட்டுவது இதுதான். திருநீற்றுப்பச்சிலையைக் கசக்கி முகர்ந்தது போலவும், கொஞ்சம் புதினா போலவும், சில பாட்டில்களில் பச்சைக் குடைமிளகாய் போலவும் இருக்கும்.

வாயில் இனிக்காது. கடையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பான்மை உலர் ஒயின்தான். லிட்டருக்கு 4 கிராமுக்குக் குறைவாகவே சர்க்கரை மிஞ்சியிருக்கும், அந்த அளவு நாக்குக்குத் தெரியாது. ஆனால் பழ மணமும் பூ மணமும் எழுந்தால் மூளை இனிப்பை எதிர்பார்க்கும், அதனால் பலர் முதல் வாயில் "இனிக்குது" என்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். புளிப்பு நடுத்தரம், உடல், அதாவது வாயில் உணரும் கனம், கொஞ்சம் கூடுதல், ஆல்கஹால் பெரும்பாலும் 12.5 முதல் 13.5 விழுக்காடு. கொடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டுத் தாமதமாகப் பறித்துச் செய்யும் இனிப்பு மலகுசியாவும் உண்டு. அது சிறிய பாட்டிலில் வரும், லேபிளிலும் தெளிவாக எழுதியிருக்கும்.

அழிஞ்சுபோக இருந்த ரகம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. இதன் பூர்வீகம் மேற்குக் கிரேக்கத்தின் ஏட்டோலியா-அகர்னானியா பகுதி என்று கருதப்படுகிறது. கொரிந்து வளைகுடாவின் கரையிலுள்ள நஃப்பக்தோஸ் ஊர்ப்பக்கம் சில கொடிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. தெசலோனிகி அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வசீலிஸ் லோகொதேதிஸ் கிரேக்கத்தின் பழைய ரகங்களைத் தேடித் திரட்டி வந்தவர். அவர்தான் இதையும் அடையாளம் கண்டார். வட கிரேக்கத்தின் கல்கிதிகியில் கப்பல் தொழிலதிபர் யானிஸ் கராஸ் தொடங்கிய போர்ட்டோ கராஸ் தோட்டத்தில், 1970-களில், மற்ற ரகங்களோடு இதையும் சோதனைக்காக நட்டார்கள்.

அங்கே ஒயின் செய்தவர் வாங்கெலிஸ் எரோவசிலியு. பிரான்சின் போர்தோவில் ஒயின் அறிஞர் எமில் பெய்னோவிடம் படித்துவிட்டு 1976-இல் போர்ட்டோ கராஸில் சேர்ந்தவர். மலகுசியாவைத் தனியாக நொதிக்கவைத்துப் பார்த்து அதன் மணத்தைக் கண்டுகொண்டவர் அவர். 1981-இல் தெசலோனிகியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எபனோமியில் தன் குடும்ப நிலத்தைத் திரும்பப் பயிராக்கியபோது இந்த ரகத்தையும் நட்டார். மற்ற தோட்டங்கள் பின்தொடர்ந்தன. ஒரு பேராசிரியர் கொடியைக் காப்பாற்றினார், ஒயின் செய்பவர் ஒருவர் அதை நம்பித் தன் நிலத்தைக் கொடுத்தார். இந்த இரண்டில் ஒன்று நடக்காமல் போயிருந்தாலும் இன்று பேச மலகுசியா இருந்திருக்காது.

எங்கெல்லாம் விளையுது? இடத்துக்கு இடம் ருசி மாறுமா?

மாறும். எபனோமி கடலோரத்துத் தாழ்ந்த மேடுகள், கடற்சிப்பிப் புதைபடிவங்கள் கலந்த மணற்பாங்கான மண். அங்கே பழம் நன்றாகத் திரள்கிறது, பீச்சும் முலாம்பழமும் முன்னே நிற்கும். வடமேற்கே அமிந்தேயோ சமவெளி கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே. இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுவதால் எலுமிச்சையும் பச்சிலையும் தூக்கலாகத் தெரியும். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகாவிலும் இது விளைகிறது. அந்த வெயிலில் புளிப்பு சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் பறிக்கும் நாளைச் சரியாகக் கணிக்காதவர் அங்கே தப்ப முடியாது.

முதன்முதலாக வாங்குபவருக்கு எபனோமி. அதைக் குடித்துப் பழகியவருக்கு அமிந்தேயோ. இதுதான் எங்கள் பரிந்துரை.

லேபிள்ல எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில் ரகத்தின் பெயர். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஒற்றை ரகத்தின் பெயரைப் போட்டால் அந்த ரகம் 85 விழுக்காடாவது இருக்க வேண்டும். மலகுசியாவோடு இன்னொரு பெயரும் இருந்தால் அது கலவை. அசிர்டிகோ சேர்ந்த கலவைகள் அதிகம். மலகுசியாவின் மணம், அசிர்டிகோவின் புளிப்பு என்று ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். கலவை என்பதற்காக ஒதுக்க வேண்டாம், ஆனால் ரகத்தை அறிய விரும்பினால் முதல் பாட்டில் தனி மலகுசியாவாகவே இருக்கட்டும்.

அடுத்தது புவிசார் குறியீடு. மலகுசியா பாட்டில்களில் பெரும்பாலும் பி.ஜி.ஐ. (பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடு) வகைதான் இருக்கும், "பி.ஜி.ஐ. எபனோமி" என்பது போல. அதைவிடக் கண்டிப்பான பி.டி.ஓ. (பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர்) இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பி.டி.ஓ. விதிகள் ஒவ்வொரு ஊருக்கும் அதன் பழைய ரகங்களை ஒட்டி எழுதப்பட்டவை, மலகுசியாவோ அண்மையில் மீண்டு வந்தது. தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கிரேக்கச் சொற்களில் "லெஃப்கோஸ்" என்றால் வெள்ளை, "க்சிரோஸ்" உலர், "இமிக்சிரோஸ்" பாதி உலர், "கிளிகோஸ்" இனிப்பு, "க்திமா" என்றால் சொந்தத் தோட்டம். கடைசியாக அறுவடை ஆண்டு. ஆண்டே போடாத மலகுசியாவை வாங்காதீர்கள், காரணம் அடுத்த பதிலில்.

பழசாக ஆக நல்லதுதானே? எந்த வருஷத்துது வாங்கணும்?

இந்த ஒயினுக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. கடையில் இருப்பதிலேயே புதிய ஆண்டை எடுங்கள். வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை, அடுத்த வசந்தத்தில் பாட்டில் வெளிவரும். அங்கிருந்து இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் இதன் பொற்காலம். பூ மணத்தைத் தரும் சேர்மங்கள் பாட்டிலுக்குள் மெல்ல வேறு சேர்மங்களாக மாறிவிடும். முதலில் போவது மல்லிகை, பிறகு பச்சிலை. பழம் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

நல்ல தோட்டத்தில், ஈஸ்ட் வண்டலோடு சில மாதம் வைத்துச் செய்தவை ஐந்து ஆண்டுவரை நன்றாக நிற்கும். அவை தேன், வறுத்த பாதாம் போன்ற கொட்டைப்பருப்பு என்று வேறு பக்கம் திரும்பும். கெட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் மேலே சொன்ன மலகுசியாவை அதில் தேடக்கூடாது.

ஃப்ரிட்ஜ்ல எவ்வளவு நேரம் வைக்கணும்?

குடிக்க ஏற்ற வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி செல்சியஸ், ஓக் பீப்பாய் கண்டது என்றால் 10 முதல் 12. அறை 30 டிகிரி இருந்தால் 750 மில்லி பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜில் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் விட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை முக்குங்கள், 20 முதல் 25 நிமிடம் போதும். ஐஸ் மட்டும் போட்டால் கண்ணாடியோடு ஒட்டாமல் இடையே காற்று நிற்கும், குளிர நேரமாகும்.

இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில் 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் மணம் எழாது. "ஒண்ணுமே மணக்கலையே" என்று வரும் புகார்களில் பாதி இதனால்தான். வெளியே எடுத்து 15 நிமிடம் விட்டுவிட்டு ஊற்றுங்கள். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளும், பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

எந்த கிளாஸ்? டிகாண்டர் வேணுமா?

வாய் குறுகிய, நடுத்தர அளவு வெள்ளை ஒயின் கிளாஸ். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், மணம் தங்க இடம் வேண்டும். டிகாண்டர், அதாவது ஒயினை ஊற்றிக் காற்றாட விடும் குடுவை, தேவையில்லை.

எதோட சாப்பிடலாம்?

பச்சிலை வாசம் உள்ள உணவுகளைத் தேடிப் போங்கள். கீரையும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடும் ஸ்பனகோபிதா, புதினாவும் சோயிக்கீரையும் (டில்) போட்ட ஸுக்கினி வடைகளான கொலொகிதோகெஃப்தேதெஸ், அரிசி அடைத்த திராட்சை இலை உருண்டைகளான தொல்மாதெஸ், எலுமிச்சை பிழிந்து சுட்ட மீன், இறால். கோழியை எலுமிச்சையும் ஓரிகானோவும் தடவி அடுப்பில் வாட்டினால் மிகப் பொருத்தம்.

புளிப்பு மிகுந்த தக்காளிக் குழம்புகளுக்கு இது ஈடுகொடுக்காது. உணவின் புளிப்பு ஒயினுடையதை விட அதிகமானால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அப்போது அசிர்டிகோதான் சரி.

காரச் சாப்பாட்டோட குடிக்கலாமா?

அளவான காரம் என்றால் தாராளமாக. வெள்ளை ஒயினில் துவர்ப்பு இல்லாததால் எரிச்சல் அதிகமாகாது, பழ மணம் தேங்காய்ப்பால், கொத்தமல்லி, இஞ்சி சேர்ந்த உணவோடு இழையும். ஆனால் ஆல்கஹால் காரத்தைத் தூண்டும். ஆகவே 12.5 விழுக்காடு அளவிலுள்ள, ஓக் படாத பாட்டிலை எடுத்து, மேலே சொன்ன 8 டிகிரிக்கு ஒட்டிக் குளிரவையுங்கள். மிளகாய் தூக்கலான வறுவலோடு எந்த உலர் ஒயினும் தோற்கும். இதுவும் விதிவிலக்கில்லை.

அசிர்டிகோ, மோஸ்கோஃபிலெரோ, மலகுசியா மூணையும் கண்ணை மூடிக்கிட்டு எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

மூக்கையும் வாயையும் தனித்தனியே கேளுங்கள். மூக்கில் மணம் குறைவு, வாயில் எலுமிச்சைப் புளிப்பும் உப்புக்கரிப்பும் வெட்டுகிறது என்றால் அசிர்டிகோ. மற்ற இரண்டும் மணக்கும். ரோஜா இதழ் மணம், மெலிந்த உடல், கூர்மையான புளிப்பு என்றால் மோஸ்கோஃபிலெரோ. அது தென் கிரேக்கத்தின் பெலொபொன்னீஸ் தீபகற்பத்திலுள்ள மந்தினியா மேட்டு நிலத்து ரகம், தோல் இளஞ்சிவப்பாக இருக்கும், ஆல்கஹாலும் குறைவு. பீச், மல்லிகை, பச்சிலை, அத்தோடு வாயை நிரப்பும் வழவழப்பும் மென்மையான புளிப்பும் இருந்தால் மலகுசியா. மணம் ஏமாற்றினாலும் உடலின் கனம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே ரகம்தான். ஒரு பாட்டில் கமகமன்னு இருக்கு, இன்னொண்ணு சப்புன்னு இருக்கு. ஏன்?

முதல் காரணம் பறித்த நாள். பழம் முதிர முதிர மணமும் சர்க்கரையும் ஏறும், புளிப்பு இறங்கும். மலகுசியாவில் இந்த இறக்கம் வேகமானது. சீக்கிரம் பறித்தால் பச்சைக் குடைமிளகாய் வாசம் மேலோங்கி ஒயின் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் தாமதித்தால் ஆல்கஹால் 14-ஐத் தொட்டு, மணம் ஜாம் போலாகி, குடித்தபின் வாய் கனக்கும். நடுவிலிருக்கும் சரியான இடைவெளி சில நாட்கள்தான். கொடியில் குலைகளை அளவுக்கு மேல் விட்டாலும் மணம் நீர்த்துப்போகும்.

இரண்டாவது, தோல். மணத்தில் பெரும்பங்கு தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. நசுக்கியதும் பிழிந்துவிட்டால் அது சக்கையோடு போய்விடும். அதனால் 10 டிகிரி அளவுக்குக் குளிரவைத்துச் சில மணி நேரம் தோலோடு ஊறவிட்டுப் பிழிவார்கள். அதிகம் ஊறினால் கசப்பு இறங்கும். குடித்து முடித்தபின் நாக்கின் அடியில் பாகற்காய்ச் சாயல் நின்றால் இதுவாக இருக்கலாம். பழம் வெயிலில் சூடாகி வந்தால் ஊறும் முன்பே காற்றுபட்டுப் பழுப்பேறத் தொடங்கும். பல தோட்டங்கள் விடியுமுன் பறிப்பது அதற்காகத்தான்.

மூன்றாவது, நொதிக்கும் வெப்பநிலை. 16 முதல் 18 டிகிரி என்பது பாதுகாப்பான வரம்பு. 22-ஐத் தாண்டினால் வெளியேறும் கரியமில வாயு மணத்தையும் வாரிக்கொண்டு போகும். 12 டிகிரிக்குக் கீழே இழுத்தால் ஈஸ்ட் வாழைப்பழ மிட்டாய் போன்ற ஒரு வாசத்தை உண்டாக்கும். அது எந்தத் திராட்சையிலும் வரக்கூடியது, மலகுசியாவின் சொந்த மணத்தை மூடிவிடும். முகர்ந்ததும் மிட்டாய்தான் தெரிகிறது, பச்சிலை எங்குமே இல்லை என்றால் அந்தத் தயாரிப்பாளரை மாற்றிப் பாருங்கள்.

ஓக் பீப்பாய்ல வச்சது விலை அதிகம். அது இன்னும் நல்லா இருக்குமா?

புதிய ஓக் இதற்கு எதிரி என்பது எங்கள் கருத்து. வனிலா, தேங்காய் வாசம் ஏறி மல்லிகையை மிதித்துவிடும். ஒரு பகுதியை மட்டும் பழைய பீப்பாயில் நொதிக்கவைத்து, மீதியை எஃகுத் தொட்டியில் செய்து கலப்பது நல்ல முறை. மரவாசம் இல்லாமல் உடல் மட்டும் கூடும். லேபிளின் பின்புறம் எத்தனை மாதம், எவ்வகைப் பீப்பாய் என்று பாருங்கள். எதுவும் எழுதாமல் விலை மட்டும் கூடியிருந்தால் சாதாரண பாட்டிலே போதும்.

அடியில கண்ணாடித்தூள் மாதிரி இருக்கு. லேசா குமிழியும் வருது. கெட்டுப்போச்சா?

இல்லை. அந்தப் படிகங்கள் திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. குளிர்ந்தால் படியும், உடம்புக்குத் தீங்கில்லை. கடைசி விரலளவை ஊற்றாமல் விட்டால் போதும். குமிழி, புத்துணர்ச்சிக்காக விட்டுவைத்த கரியமில வாயு. கிளாஸில் சுழற்றினால் ஓடிவிடும். குமிழியோடு கலங்கலும் புளித்த மாவு வாசமும் சேர்ந்திருந்தால் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள்.

அப்போ நிஜமாகவே கெட்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் பழுது, காற்றாட வைத்தாலும் போகாது. அடிபட்ட ஆப்பிள் வாசமும் பழுப்பு கலந்த நிறமும் காற்று புகுந்ததற்கு அடையாளம். அழுகிய முட்டை வாசம் கந்தகச் சேர்மங்களால் வருவது. நன்றாகச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் பல நேரம் சரியாகிவிடும். கார்க் மேலே துருத்தி, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தால் பாட்டில் வெயிலிலோ சூடான கிடங்கிலோ கிடந்திருக்கிறது.

வெந்த முட்டைக்கோஸ் வாசத்துக்குக் காரணம் வெளிச்சம். நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலைக் குழல் விளக்கின் கீழ் அடுக்கிவைத்தால் ஒயினிலுள்ள ரிபோஃப்ளேவின் ஒளியை வாங்கிக் கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும். அடர்பச்சைப் பாட்டிலை, அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுங்கள்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். மணம் இரண்டாம் நாளே குறையத் தொடங்கும். பாதிதான் குடிப்பீர்கள் என்று தெரிந்தால், திறந்ததும் 375 மில்லி காலி பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடிவிடுங்கள். உள்ளே காற்றில்லாததால் ஐந்து நாள்வரை நிற்கும்.

"சல்ஃபைட் உள்ளது"ன்னு போட்டிருக்கே, அதனாலதான் தலைவலியா?

லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே ஐரோப்பாவில் அந்த வரியைப் போட்டாக வேண்டும், அதனால் ஏறக்குறைய எல்லாப் பாட்டிலிலும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குத் தலைவலி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது குடித்த அளவு. 13 விழுக்காட்டு ஒயின் 150 மில்லியில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மணத்துக்காகக் குடிக்கும் ஒயின் இது. ஒரு கிளாஸ், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

இது பிடிச்சுப்போச்சு. அடுத்து என்ன?

கிரீட் தீவின் விதியானோ, இதே கனம், ஆனால் ஆப்ரிகாட் பழச் சாயல். கெஃபலோனியா தீவின் ரொபோலா, சுண்ணாம்புக்கல் மலைச்சரிவுகளில் விளைவது, மெலிந்து எலுமிச்சை போல இருக்கும். லகோனியாவின் கிதோனித்சா, பெயரிலேயே சீமை மாதுளையை (குயின்ஸ் பழம்) தாங்கியது, மணமும் அப்படியே.

வீட்ல ஏழு வருஷப் பழைய மலகுசியா ஒண்ணு கிடக்கு. திறக்கலாமா, கொட்டிடலாமா?

திறந்து பாருங்கள், இன்னும் வைத்திருக்க வேண்டாம். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பாருங்கள். பொன்னிறம் என்றால் நம்பிக்கை உண்டு, தேநீர் நிறம் என்றால் இல்லை. 12 டிகிரியில் கொஞ்சம் ஊற்றி, கெட்டதைக் கண்டறியும் பதிலில் சொன்ன வாசங்கள் வருகின்றனவா என்று முகருங்கள். வரவில்லை, தேனும் கொட்டைப்பருப்பும் தெரிகிறது என்றால் வாட்டிய கோழியோடு அன்றே முடித்துவிடுங்கள். பழமும் இல்லை, கேடும் இல்லை, வெறுமையாக இருக்கிறது என்றால் வெங்காயமும் பூண்டும் போட்டுச் சிப்பி வேகவைக்கும் சட்டியில் ஒரு கிளாஸ் ஊற்றுங்கள், அந்த வேலைக்கு அது நன்றாகவே உதவும்.